அட்வேர்ப் எது, வேர்ப் எது? – ஆங்கில இலக்கணம்: வாசகர் கேள்வி பதில்

ஆங்கில இலக்கணம் பற்றி இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே சிக்கலைத்தான் கேட்கின்றன: வாக்கியத்தில் வேர்ப் (வினைச்சொல்) எது, அட்வேர்ப் (வினையடை) எது, டென்ஸ் (காலம்) எந்தச் சொல்லில் இருக்கிறது? ஆகவே இந்த இதழில் அது மட்டும். உதாரண வாக்கியங்களைத் தமிழெழுத்தில் தந்திருக்கிறோம். கொப்பியில் ஆங்கில எழுத்தில் எழுதிப் பழகுங்கள்.

கேள்வி: “ஷீ ப்ளக்ட் த லீவ்ஸ் குவிக்லி யெஸ்டர்டே” என்ற வாக்கியத்தில் இறந்தகாலத்தைக் காட்டும் சொல்லுக்குக் கீழே கோடு போடச் சொன்னார்கள். நான் “யெஸ்டர்டே”க்குக் கீழே போட்டேன். டீச்சர் பிழை போட்டுவிட்டார். நேற்று என்றால் முடிந்துபோன நாள்தானே?
– தரம் 10 மாணவி, தலவாக்கலை

பதில்: முடிந்துபோன நாள்தான். ஆனால் உங்களிடம் கேட்டது எந்த நாள் என்று அல்ல, டென்ஸ் எந்தச் சொல்லில் ஏறியிருக்கிறது என்று. டென்ஸ் என்பது வேர்ப்பின் உருவத்தில் வரும் மாற்றம். “ப்ளக்” என்பதோடு ஈ, டி என்ற இரண்டு எழுத்துச் சேர்ந்து “ப்ளக்ட்” ஆனதே, இறந்தகாலம் அங்கேதான் இருக்கிறது. “யெஸ்டர்டே” எப்போது என்று சொல்லும் அட்வேர்ப். அதை அழித்துவிட்டாலும் “ஷீ ப்ளக்ட் த லீவ்ஸ்” இறந்தகால வாக்கியமாகவே இருக்கும்.

தமிழிலும் இப்படித்தான். “நேற்றுக் கொழுந்து எடுத்தாள்” என்பதில் காலத்தைக் காட்டுவது “நேற்று” அல்ல, வினைமுற்று. எடுத்தாள், எடுக்கிறாள், எடுப்பாள் என்று மாற்றும்போது உள்ளே இருக்கும் இடைநிலைதான் மாறுகிறது. “நேற்று” என்ற சொல்லில் மாறுவதற்கு ஒன்றுமில்லை.

இனி எந்த வாக்கியம் கொடுத்தாலும் நாளை மாற்றிப் பாருங்கள். முதலில் நேற்று: “ஷீ ப்ளக்ட் த லீவ்ஸ் குவிக்லி யெஸ்டர்டே.” பிறகு தினமும்: “ஷீ ப்ளக்ஸ் த லீவ்ஸ் குவிக்லி எவ்ரி டே.” பிறகு நாளைக்கு: “ஷீ வில் ப்ளக் த லீவ்ஸ் குவிக்லி டுமாரோ.” நாளைச் சொல்லும் சொல்லை நாமே எடுத்துவிட்டு வேறொன்று வைத்தோம். அதனால் கட்டாயமாக உருவம் மாறியது எது? ப்ளக்ட், ப்ளக்ஸ், வில் ப்ளக். அதுதான் வேர்ப். மூன்றிலும் அசையாமல் நின்ற “குவிக்லி” அட்வேர்ப். சந்தேகம் இருந்தால் “ஷீ”யை “தே” ஆக்குங்கள். “ப்ளக்ஸ்” என்பது “ப்ளக்” ஆகும். “குவிக்லி” அப்போதும் மாறாது.

சில வேர்ப்கள் இந்தச் சோதனையில் ஏமாற்றும். கட், புட், ஹிட், ஷட், கோஸ்ட், ஹேர்ட் ஆகியவற்றுக்கு நிகழ்கால உருவமும் இறந்தகால உருவமும் ஒன்றே. அவற்றுக்கு “ஹீ” என்ற எழுவாயையும் “எவ்ரி டே”யையும் வைத்துப் பாருங்கள். “கட்ஸ்” என்று எஸ் ஒட்டிக்கொண்டால் அது வேர்ப். “ரீட்” என்ற சொல்லுக்கு எழுத்து மாறாது, வாசிக்கும்போது மட்டும் இறந்தகாலத்தில் “ரெட்” ஆகும்.

நாளைக் காட்டும் சொல்லை வைத்து டென்ஸைத் தீர்மானிக்கக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. “த ட்ரெயின் லீவ்ஸ் ஹட்டன் அட் டூ டுமாரோ” என்பது சரியான ஆங்கிலம். பயணம் நாளைக்கு, வேர்ப்போ நிகழ்கால உருவத்தில் இருக்கிறது. நேரசூசிப்படி நடப்பவற்றை ஆங்கிலம் இப்படித்தான் சொல்லும். “யெஸ்டர்டே” இருந்தால் இறந்தகாலம், “டுமாரோ” இருந்தால் எதிர்காலம் என்று மனப்பாடம் செய்தவர்கள் இந்த வாக்கியத்தில் கட்டாயம் பிழைவிடுவார்கள்.

இந்த வாக்கியத்தின் “லீவ்ஸ்” வேர்ப். உங்கள் வாக்கியத்தின் “லீவ்ஸ்” கொழுந்து இலைகள், பெயர்ச்சொல். எழுத்து ஒன்றுதான். “யெஸ்டர்டே” போட்டால் ரயிலின் “லீவ்ஸ்” “லெஃப்ட்” ஆகிவிடும். இலை இலையாகவே இருக்கும்.

கேள்வி: என் மகள் தரம் 8 படிக்கிறாள். கடைசியில் எல், வை என்ற எழுத்துகள் வந்தால் அட்வேர்ப் என்று டியூஷனில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் “சப்ளை”யும் அட்வேர்ப்பா?
– தாய் ஒருவர், பதுளை

பதில்: இல்லை அம்மா, “சப்ளை” வேர்ப். “சப்ளைட்” என்று இறந்தகாலத்துக்குப் போகிறதே. அப்ளை, ரிப்ளை, ரிலை, மல்டிப்ளை, ஃப்ளை எல்லாம் அப்படித்தான். சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்: இவை “லை” அல்லது “ளை” என்று முடியும், குவிக்லி, ஸ்லோலி போன்ற அட்வேர்ப்கள் “லி” என்று முடியும். பெரும்பாலும் இது போதும். “லி” என்று ஒலிக்கும் வேர்ப்களும் சில உண்டு, டேலி, புலி போல. (முதலாவது கணக்குச் சரிபார்ப்பது, மற்றது சின்னப் பிள்ளைகளை மிரட்டுவது.)

ஃபேமிலி, ஜூலை, பெலி ஆகியவை பெயர்ச்சொற்கள். இவற்றில் பிள்ளைகள் அவ்வளவாகக் குழம்புவதில்லை. குழப்புவது ஃப்ரெண்ட்லி, லவ்லி, லோன்லி, கோஸ்ட்லி, கவர்ட்லி போன்றவை. இவை பெயர்ச்சொல்லை விவரிக்கும் அட்ஜெக்டிவ். அதற்கு ஒரு வழி இருக்கிறது. கடைசி இரண்டு எழுத்தையும் வெட்டிவிட்டு மிச்சத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். மிச்சம் ஃப்ரெண்ட், கோஸ்ட், கவர்ட் என்று பெயர்ச்சொல்லாக இருந்தால் முழுச்சொல் பெரும்பாலும் அட்ஜெக்டிவ். குவிக், ஸ்லோ, கேர்ஃபுல் என்று அட்ஜெக்டிவாக இருந்தால் முழுச்சொல் பெரும்பாலும் அட்வேர்ப் (லோன்லி இதற்கு விதிவிலக்கு).

“டெய்லி” இரண்டு வேலையும் செய்யும். “டெய்லி வேஜ்” என்னும்போது சம்பளத்தை விவரிக்கும் அட்ஜெக்டிவ். “தே ஆர் பெய்ட் டெய்லி” என்னும்போது எத்தனை நாளுக்கொருமுறை கொடுக்கிறார்கள் என்று சொல்லும் அட்வேர்ப். வீக்லி, மன்த்லி, ஏர்லி ஆகியவையும் அவ்வாறே.

அந்த இரண்டு எழுத்து இல்லாத அட்வேர்ப்களையும் மகள் ஒரு பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளட்டும்: ஃபாஸ்ட், சூன், ஒஃபன், வெல், நெவர், வெரி, ஹியர், தெயர். “ஃபாஸ்ட்லி” என்று ஒரு சொல் கிடையாது. விடைத்தாள்களில் அது அடிக்கடி வருகிறது.

கேள்வி: தேயிலை ஸ்டோரில் வேலை செய்கிறேன். நாளாந்த அறிக்கையை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். “த லிக்கர் லுக்ஸ் ப்ரைட்லி” என்று எழுதினேன். தேநீர்ச் சாயம் தெளிவாகத் தெரிகிறது என்ற அர்த்தத்தில். “லுக்ஸ்” வேர்ப், அதை விவரிப்பது அட்வேர்ப்தானே? பிழை என்கிறார்கள். ஏன்?
– மஸ்கெலியா வாசகர்

பதில்: தமிழ் பேசுகிறவர்கள் ஆங்கிலத்தில் தடுக்கி விழும் மிக முக்கியமான இடம் இது. நன்றாகவே விளக்க வேண்டும்.

தமிழில் “ஆக” என்ற ஈறு இரண்டு வேலை செய்கிறது. “அவள் அழகாகப் பாடுகிறாள்”, “அவள் அழகாக இருக்கிறாள்.” இரண்டிலும் “அழகாக”தான். முதலாவதில் அது பாடும் விதத்தைச் சொல்கிறது. இரண்டாவதில் இருக்கும் விதத்தைச் சொல்லவில்லை, அவளைப் பற்றிச் சொல்கிறது. ஆங்கிலம் இந்த இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது: “ஷீ சிங்ஸ் பியூட்டிஃபுலி”, “ஷீ இஸ் பியூட்டிஃபுல்.” “ஆக” என்று வரும் இடமெல்லாம் எல், வை சேர்த்தால் பாதி இடத்தில் பிழையாகும்.

உங்கள் வாக்கியத்தில் “லுக்ஸ்” ஒரு செயல் அல்ல. சாயம் எதையும் பார்க்கவில்லை. சாயத்தையும் அதன் தன்மையையும் இணைப்பது மட்டுமே அந்த வேர்ப்பின் வேலை. லுக், டேஸ்ட், ஸ்மெல், ஃபீல், சவுண்ட், சீம், பிகம், ஸ்டே ஆகியவை இப்படி இணைக்கும் வேர்ப்கள். இவற்றுக்குப் பின்னால் அட்ஜெக்டிவ் வரும். ஆகவே “த லிக்கர் லுக்ஸ் ப்ரைட்”, “த லீஃப் ஃபீல்ஸ் சொஃப்ட்”, “த டீ டேஸ்ட்ஸ் குட்.”

சோதிப்பது சுலபம். வேர்ப்பை எடுத்துவிட்டு “இஸ்” போடுங்கள். “த லிக்கர் இஸ் ப்ரைட்” பொருள் தருகிறதா? தருகிறது. அப்படியானால் அட்ஜெக்டிவ். இப்போது “த டேஸ்டர் டேஸ்டட் த லிக்கர் கேர்ஃபுலி” என்ற வாக்கியத்தைப் பாருங்கள். “டேஸ்டட்” இருந்த இடத்தில் “இஸ்” போட்டால் வாக்கியமே குலைந்துபோகும். அவர் நிஜமாகவே சுவைத்துப் பார்க்கிறார், அது செயல். செயலின் விதத்தைச் சொல்ல “கேர்ஃபுலி” வேண்டும். ஒரே “டேஸ்ட்”தான், இரண்டு வேலை. வேர்ப்பின் பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட இந்த “இஸ்” சோதனையைக் கைவசம் வைத்திருப்பது நல்லது.

உங்கள் அறிக்கையில் செயல்களும் நிறைய வரும். கொழுந்து ஒரே சீராக வாடியது: “த லீஃப் விதர்ட் ஈவன்லி.” ட்ரையர் தடங்கலில்லாமல் ஓடியது: “த ட்ரையர் ரேன் ஸ்மூத்லி.” வாடுவதும் ஓடுவதும் நடக்கும் காரியங்கள், ஆகவே அட்வேர்ப். தூள் புதிதாக மணக்கிறது என்றால் “ஸ்மெல்ஸ் ஃப்ரெஷ்”, “ஃப்ரெஷ்லி” அல்ல.

“வெல்” மட்டும் கொஞ்சம் வேறு. உடம்பு சுகமாக இருக்கிறது என்று சொல்ல “ஐ ஃபீல் வெல்” சரி. அந்த இடத்தில் “வெல்” அட்ஜெக்டிவ். தேநீருக்கு “டேஸ்ட்ஸ் வெல்” வராது.

கேள்வி: “ஐ ஹேவ் சீன் ஹிம் யெஸ்டர்டே” என்று எழுதினால் எப்போதும் பிழை போடுகிறார்கள். தமிழில் “நேற்றுப் பார்த்திருக்கிறேன்” என்று சொல்கிறோமே?
– உயர்தர மாணவர், வெலிமடை

பதில்: தமிழில் சொல்லலாம், ஆங்கிலத்தில் முடியாது. “ஹேவ் சீன்” என்ற உருவம் இறந்தகாலத்தில் தொடங்கி இப்போது வரைக்கும் நீளும் பொழுதுக்கு உரியது. “யெஸ்டர்டே” கதவைச் சாத்திவிட்ட பொழுது. இரண்டும் ஒரு வாக்கியத்தில் சேராது. “ஐ சோ ஹிம் யெஸ்டர்டே” என்று எழுதுங்கள்.

இங்கே அட்வேர்ப் டென்ஸைச் சுமக்கவில்லை, ஆனால் எந்த டென்ஸோடு சேரலாம் என்று நிபந்தனை போடுகிறது. நம்முடைய தேயிலையை வைத்தே பார்க்கலாம். “ஜேம்ஸ் டெய்லர் பிளான்டட் டீ அட் லூல்கந்துர இன் 1867.” நட்டது முடிந்த காரியம், ஆண்டும் முடிந்த ஆண்டு, “பிளான்டட்” போதும். “பீப்பல் ஹேவ் க்ரோன் டீ இன் தீஸ் ஹில்ஸ் சின்ஸ் 1867.” அதே ஆண்டுதான், ஆனால் “சின்ஸ்” என்றால் அன்றிலிருந்து இன்றுவரை. இன்றைக்கும் வளர்க்கிறோம், ஆகவே “ஹேவ் க்ரோன்.”

யெஸ்டர்டே, லாஸ்ட் வீக், டூ டேஸ் அகோ, இன் 2019: இவற்றோடு சாதாரண இறந்தகாலம். ஒல்ரெடி, யெட், சின்ஸ், சோ ஃபார்: இவற்றோடு பெரும்பாலும் “ஹேவ்” அல்லது “ஹேஸ்” சேர்ந்த உருவம். “ஐ ஒல்ரெடி ஏட்” என்று அமெரிக்கர்கள் சொல்வார்கள். நம் நாட்டுப் பாடசாலை ஆங்கிலம் பிரித்தானிய வழக்கைப் பின்பற்றுகிறது, பரீட்சையில் “ஐ ஹேவ் ஒல்ரெடி ஈட்டன்” என்றே எழுதுங்கள்.

“ஃபோர்” என்ற சொல்லில் மட்டும் நின்று கவனியுங்கள். “ஷீ வர்க்ட் ஹியர் ஃபோர் டென் இயர்ஸ்” என்றால் பத்து வருடம் வேலை செய்தார், இப்போது இல்லை. “ஷீ ஹேஸ் வர்க்ட் ஹியர் ஃபோர் டென் இயர்ஸ்” என்றால் இன்னும் வேலையில் இருக்கிறார். சேவைக்காலம் பற்றிய கடிதத்தில் “ஹேஸ்” என்ற ஒரு சொல் விடுபட்டால் பொருளே வேறாகிவிடும்.

கேள்வி: “நொட்” என்பது வேர்ப்பா? “டிட் நொட் வென்ட்” ஏன் பிழை? “ஆல்வேஸ்” எங்கே வைப்பது?
– நாவலப்பிட்டி வாசகி

பதில்: “நொட்” அட்வேர்ப். வேர்ப்களுக்கு நடுவில் வந்து உட்காருவதால் வேர்ப் போலத் தெரிகிறது. “டஸ் நொட் ப்ளக்”, “ஹேஸ் நெவர் ப்ளக்ட்”, “வில் ப்ரொபப்லி கம்” ஆகியவற்றில் வேர்ப்களை மட்டும் பென்சிலால் வட்டமிடுங்கள். நொட், நெவர், ப்ரொபப்லி வட்டத்துக்கு வெளியே நிற்க வேண்டும்.

ஒரு வேர்ப் கூட்டத்தில் டென்ஸ் ஒரே ஒரு சொல்லில்தான் ஏறும், அதுவும் முதலாவதில். “டிட்” அதை எடுத்துக்கொண்டது. அடுத்த வேர்ப் “கோ” என்று வெறும் உருவத்திலேயே நிற்க வேண்டும். “டஸ் நொட் ப்ளக்ஸ்” என்பதும் இதே காரணத்தால் பிழை.

ஆல்வேஸ், ஒஃபன், நெவர், யூஷுவலி வைக்கும் இடம்: “ஆம், இஸ், ஆர், வாஸ், வேர்” மட்டும் இருந்தால் அதற்குப் பின்னால் (“ஷீ இஸ் ஆல்வேஸ் லேட்”). துணை வேர்ப் இருந்தால் முதலாவது துணை வேர்ப்புக்குப் பின்னால் (“ஷீ ஹேஸ் ஆல்வேஸ் ஹெல்ப்ட்”). தனி வேர்ப் என்றால் அதற்கு முன்னால் (“ஷீ ஆல்வேஸ் ஹெல்ப்ஸ்”). “யெஸ்டர்டே”, “எவ்ரி டே” போன்றவை நடுவில் வராது. வாக்கியத்தின் கடைசியில் அல்லது தொடக்கத்தில் வையுங்கள். வேர்ப்புக்கும் அதன் செயப்படுபொருளுக்கும் இடையில் அட்வேர்ப்பை நுழைக்காதீர்கள்: “ஷீ ப்ளக்ட் குவிக்லி த லீவ்ஸ்” சரியில்லை.

கேள்வி: “மேபீ” என்று சேர்த்து எழுதுவதா, பிரித்து எழுதுவதா?
– ராகலை

பதில்: இரண்டும் உண்டு, இரண்டும் வேறு. சேர்த்து எழுதினால் அட்வேர்ப், “ஒருவேளை” என்ற பொருள்: “மேபீ த பஸ் இஸ் லேட்.” பிரித்து எழுதினால் இரண்டு வேர்ப்கள்: “த பஸ் மே பீ லேட்.” சந்தேகமானால் அந்த இடத்தில் “பர்ஹாப்ஸ்” வைத்துப் பாருங்கள், பொருந்தினால் சேர்த்து எழுதுங்கள். “எவ்ரி டே” பிரிந்தால் தினமும் என்ற பொருளில் அட்வேர்ப் வேலை செய்யும். சேர்ந்தால் “அன்றாட” என்ற பொருள் தரும் அட்ஜெக்டிவ்.

கேள்வி: அட்வேர்ப் உருவம் மாறாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். ஆனால் நேர்க்கூற்றை அயற்கூற்றாக்கும்போது “டுமாரோ” “த நெக்ஸ்ட் டே” ஆகிறது, “ஹியர்” “தெயர்” ஆகிறது. ஒரு மாணவன் இதைக் கேட்டுவிட்டான். என்ன சொல்வது?
– ஆசிரியை, ஹப்புத்தளை

பதில்: நல்ல கேள்வி கேட்கும் மாணவன். அவனுக்கு இரண்டு வாக்கியத்தைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். “ஷீ செட், ஐ ஆம் லீவிங் டுமாரோ.” “ஷீ செட் தட் ஷீ வாஸ் லீவிங் த நெக்ஸ்ட் டே.” “ஆம்” என்பது “வாஸ்” ஆனது ஒரே வேர்ப் உருவம் மாறியது. “டுமாரோ” உருவம் மாறவில்லை. அதை அகற்றிவிட்டு இன்னொரு சொற்றொடரை வைத்திருக்கிறோம். சொல்கிறவர் இன்று நிற்கும் நாள் வேறு என்பதுதான் காரணம். அவர் சொன்ன அதே நாளிலேயே நாம் அதை இன்னொருவருக்குச் சொன்னால் “டுமாரோ”வை அப்படியே விடலாம். அதே வீட்டில் நின்று சொன்னால் “ஹியர்” மாறத் தேவையில்லை. பாடநூல் அட்டவணையை இயந்திரம் போலப் போடுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

சட்டத்தையும் கொஞ்சம் திருத்திச் சொல்லுங்கள்: காலத்துக்காகவும் எழுவாய்க்காகவும் அட்வேர்ப் மாறாது. ஒப்பிடும்போது மாறும், ஃபாஸ்ட், ஃபாஸ்டர், ஃபாஸ்டஸ்ட், வெல், பெட்டர், பெஸ்ட். அவன் அடுத்ததாக இதைத்தான் கேட்பான்.

கேள்வி: வேலை விண்ணப்பத்தில் “ஐ ஹேவ் ஹார்ட்லி வர்க்ட் ஃபோர் ஃபைவ் இயர்ஸ்” என்று எழுதியிருக்கிறேன். அனுப்புமுன் சரியா என்று பார்த்துச் சொல்லுங்கள்.
– தம்பி ஒருவர், பொகவந்தலாவை

பதில்: அனுப்பாதீர்கள் தம்பி. “ஹார்ட்லி” என்றால் கிட்டத்தட்ட இல்லவே இல்லை என்று பொருள். ஐந்து வருடமாக வேலையே செய்யவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கடினமாக என்ற பொருளுக்கு “ஹார்ட்” என்பதே அட்வேர்ப். எதையும் சேர்க்க வேண்டாம், இடமும் வேர்ப்புக்குப் பின்னால். “லேட்” பிந்தி, “லேட்லி” அண்மைக்காலமாக. “நியர்” கிட்டத்தில், “நியர்லி” ஏறக்குறைய. இந்த இரண்டு சோடியும் விண்ணப்பத்தில் வேறெங்காவது இருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள். இப்போதும் அந்த வேலையில்தான் இருக்கிறீர்கள் என்றால் வாக்கியம் இது: “ஐ ஹேவ் வர்க்ட் ஹார்ட் ஃபோர் ஃபைவ் இயர்ஸ்.” விலகிவிட்டீர்கள் என்றால் “ஹேவ்”வை எடுத்துவிடுங்கள்.